கருத்துக்கணிப்பை நம்பலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

தேசிய ஊடகங்களும் தேர்தல் கணிப்புகளும் ஒரு பக்கமாகச் சாய்கின்றன என்ற மனக்குறையோடு வந்திருக்கும் கடிதங்கள் மேசையில் குவிந்துவிட்டன. சில கடிதங்களில் கோபம், சிலவற்றில் உண்மையான குழப்பம். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து, இந்த இதழ்ப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

2024 மக்களவைத் தேர்தலின் கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடிந்த ஜூன் 1 மாலை எல்லாத் தொலைக்காட்சிகளும் ஆளும் கூட்டணிக்கு 350, 400 என்று அள்ளிக் கொடுத்தன. மூன்றே நாளில் அத்தனையும் பொய்த்தது. இதற்குப் பிறகும் இவை விலைக்கு வாங்கப்பட்ட கணிப்புகள் இல்லை என்று சொல்வீர்களா?
*ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்*

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அன்று வெளிவந்த வாக்குக்கணிப்புகளில் (வாக்களித்துவிட்டு வந்தவர்களிடம் கேட்டு எடுப்பவை) பெரும்பாலானவை தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350-க்கு மேல் தந்தன. சில 400-ஐத் தொட்டன. ஜூன் 4 அன்று வாக்குகளை எண்ணியபோது பா.ஜ.க.வுக்குக் கிடைத்தவை 240 இடங்கள். கூட்டணிக்கு 290-ஐச் சற்றே தாண்டிய எண்ணிக்கை. இடையில் ஜூன் 3 அன்று மும்பைப் பங்குச்சந்தைக் குறியீடான சென்செக்ஸ் 2,500 புள்ளிகள் ஏறி, மறுநாள் 4,300 புள்ளிகளுக்கு மேல் சரிந்தது. கணிப்பை நம்பித் திங்கட்கிழமை பங்கு வாங்கிய சிறு முதலீட்டாளர்களின் பணம் செவ்வாய்க்கிழமை கரைந்தது. எதிர்க்கட்சிகள் நாடாளுமன்றக் கூட்டுக்குழு விசாரணை கேட்டதும் அதனால்தான்.

ஆனால் "தவறியது" என்பதும் "சாய்ந்தது" என்பதும் வேறு வேறு. தராசு ஒவ்வொரு முறையும் ஒரே பக்கமாக இறங்கினால் அதில் கைவைத்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். ஒரு நாள் இந்தப் பக்கமும் மறுநாள் அந்தப் பக்கமும் இறங்கினால், தராசே சரியில்லை என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். பழைய கணக்கைப் பாருங்கள். 2004-ல் "இந்தியா ஒளிர்கிறது" முழக்கத்தோடு களம் இறங்கிய வாஜ்பாய் அரசு மீண்டும் வரும் என்றே கணிப்புகள் கூறின. அந்தக் கூட்டணி 190-ஐக்கூட எட்டவில்லை, காங்கிரஸ் 145 இடங்களோடு பா.ஜ.க.வின் 138-ஐ முந்தியது. 2009-ல் ஆட்சியில் இருந்த காங்கிரஸ் கூட்டணியின் பலத்தைக் கணிப்புகள் குறைத்து மதிப்பிட்டன. 2014-ல் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 336 இடங்கள் கிடைத்தபோது, அதற்கு அருகில் வந்த நிறுவனத்தை விரல்விட்டு எண்ணிவிடலாம், மற்றவை பா.ஜ.க.வைக் குறைத்தே காட்டின. 2023 இறுதியில் சத்தீஸ்கரில் காங்கிரஸுக்கே வாய்ப்பு என்றார்கள். 90-ல் 54 இடங்களை பா.ஜ.க. பிடித்தது. நீங்கள் குறிப்பிடும் ஜூன் மாதத்துக்கு நான்கு மாதங்கள் கழித்து ஹரியாணாவில் காங்கிரஸ் அலை என்று ஏறக்குறைய எல்லாரும் சொன்னார்கள், பா.ஜ.க. 48, காங்கிரஸ் 37. ஜூன் மாதம் பா.ஜ.க.வுக்கு விலைபோன கணிப்பாளர்கள் அக்டோபரில் காங்கிரஸுக்கு விலைபோய்விட்டார்கள் என்று வாதிடுவது கடினம்.

அப்படியானால் எல்லாரும் ஒரே பக்கமாக, ஒரே அளவில் எப்படித் தவறுகிறார்கள்? என் பார்வையில் உண்மையான கேள்வி இதுதான். பத்துப் பேர் தனித்தனியாக, நேர்மையாகக் கணக்கெடுத்தால் அவர்களுடைய எண்கள் கொஞ்சம் சிதறித்தான் வர வேண்டும். ஒருவர் கூட்டிச் சொல்வார், ஒருவர் குறைத்துச் சொல்வார். எல்லா எண்களும் ஒரே இடத்தில் வந்து குந்தினால், ஒவ்வொருவரும் பக்கத்து இலையைப் பார்த்துப் பரிமாறியிருக்கிறார்கள் என்று பொருள். தனியாகத் தவறினால் தொழில் போய்விடும், கூட்டத்தோடு தவறினால் யாரும் கேட்கமாட்டார்கள் என்ற அச்சம் உலகெங்கும் இந்தத் துறையைப் பிடித்திருக்கும் நோய். டெல்லியின் பொதுக்கருத்து எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தப் பக்கம் எண்களும் சாய்கின்றன. இது பணம் வாங்கிய சாய்வு அல்ல என்பதற்காகக் குற்றமில்லை என்று நான் சொல்லவில்லை. களத்தில் கிடைத்த எண்ணை அப்படியே வெளியிடத் துணிவில்லாதவர்கள், மக்கள் கருத்தைச் சொல்கிறோம் என்று திரையில் வந்து உட்காரக் கூடாது.

பணம் கைமாறியதா என்பது தனிக் கேள்வி. 2014 பிப்ரவரியில் ஒரு தொலைக்காட்சி இரகசியக் காமிராவோடு சென்று, சில நிறுவனங்கள் காசுக்கு எண்களை மாற்றித்தரத் தயாராக இருந்ததாகக் காட்டியது, சம்பந்தப்பட்டவர்கள் மறுத்தார்கள். குற்றம் சாட்டுவோரிடம் ஆதாரம் கேட்பது எவ்வளவு அவசியமோ, எங்கே எத்தனை பேரிடம் கேட்டோம், யார் பணம் கொடுத்தார் என்பதை மறைக்கும் நிறுவனத்தின் மீது சந்தேகம் கொள்வதும் அவ்வளவு நியாயம்.

2024-ல் ஏறக்குறைய 97 கோடி வாக்காளர்கள் இருந்த நாட்டில் சில ஆயிரம் பேரைக் கேட்டுவிட்டு முடிவு சொல்வது எப்படிச் சரியாகும்?
*புள்ளியியல் படிக்கும் கல்லூரி மாணவி*

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் வீடுகளில் சொல்வது இந்த அறிவியலைத்தான். பானை எவ்வளவு பெரியது என்பது முக்கியமில்லை. சோறு எங்கும் ஒரே பக்குவத்தில் வெந்திருக்கிறதா, எடுத்த பருக்கை எந்த இடத்திலிருந்து எடுத்தது என்பதே முக்கியம். முற்றிலும் குலுக்கல் முறையில் ஆயிரம் பேரைத் தேர்ந்தெடுத்தால், ஒரு கட்சியின் வாக்கு விழுக்காட்டை ஏறத்தாழ 3 விழுக்காடு கூட்டல் கழித்தலுக்குள் சொல்லிவிடலாம். பத்தாயிரம் பேர் என்றால் ஒரு விழுக்காட்டுக்குள். இது உங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கும்.

சிக்கல் எண்ணிக்கையில் இல்லை, தேர்வில் இருக்கிறது. அதற்கு 1936-ஐவிடச் சிறந்த பாடம் கிடையாது. அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜெஸ்ட் என்ற வார இதழ் ஏறக்குறைய ஒரு கோடிப் பேருக்கு வினாச்சீட்டு அனுப்பி, இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களைப் பெற்று, குடியரசுக் கட்சியின் லேண்டன் 57 விழுக்காடு பெறுவார் என்று அறிவித்தது. எதிர்த்து நின்ற அதிபர் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். முகவரிகளை அந்த இதழ் எடுத்தது தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் கார் உரிமையாளர் பட்டியலிலிருந்தும். பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்கள் யார் என்று யோசித்தால் விடை கிடைத்துவிடும். போதாக்குறைக்கு, சீட்டு கிடைத்தவர்களில் நான்கில் ஒருவர்தான் பதில் எழுதினார். ரூஸ்வெல்ட் மீது கோபம் கொண்டிருந்தவர்கள் அதிக ஆர்வத்தோடு எழுதினார்கள். அதே தேர்தலில் கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் கேலப் ஐம்பதாயிரம் பேர் அளவிலேயே கேட்டு ரூஸ்வெல்ட் வெற்றியைச் சரியாகச் சொன்னார்.

அந்தக் கேலப்பே 1948 அதிபர் தேர்தலில், டூயியிடம் ட்ரூமன் தோற்பார் என்று சொல்லித் தவறினார். வாக்குப்பதிவுக்குப் பல நாள்கள் முன்பே கேட்பதை நிறுத்திவிட்டது அதற்கு ஒரு காரணம். "டூயி ட்ரூமனைத் தோற்கடித்தார்" என்று அச்சிட்டுவிட்ட சிகாகோ டிரிப்யூன் நாளிதழை, வென்ற ட்ரூமன் சிரித்தபடி தூக்கிக் காட்டும் புகைப்படம் இன்றும் இதழியல் வகுப்புகளில் காட்டப்படுகிறது. 2016 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஹிலாரி கிளிண்டன் நாடு முழுவதும் மூன்று விழுக்காடு முன்னிலையில் இருப்பதாகச் சொன்னவர்கள் பெரிதாகத் தவறவில்லை. அவர் டிரம்பைவிட இரண்டு விழுக்காடு அதிக வாக்குகள் பெற்றும் தோற்றார். விஸ்கான்சின், மிச்சிகன், பென்சில்வேனியா போன்ற மாநிலங்களில்தான் கணக்கு உதைத்தது. கல்லூரிப் படிப்பு இல்லாதவர்கள் மாதிரியில் குறைவாக வந்திருந்தும், பல நிறுவனங்கள் அதைச் சரிக்கட்டவில்லை. 1936-ல் தொலைபேசி இல்லாதவர் விடுபட்டார், 2016-ல் பட்டம் இல்லாதவர் விடுபட்டார். நம் நாட்டில் ஒரு கணிப்பைக் கையில் எடுக்கும்போது, இதில் விடுபட்டவர் யார் என்று நீங்கள் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். தலித் குடியிருப்புக்குள் போனார்களா, வேலைக்கு வெளியூர் போனவர் வீட்டைத் தாண்டிச் சென்றுவிட்டார்களா, கைப்பேசியில் மட்டும் கேட்டார்களா?

வாக்கு விழுக்காட்டைச் சரியாகச் சொல்பவர்கள் இடங்களில் கோட்டை விடுவது ஏன்?
*வங்கி ஊழியர் ஒருவர்*

நம் தேர்தல் முறை அப்படி. தொகுதியில் முதலில் வந்தவர் வெற்றி பெற்றவர். மற்ற வாக்குகளுக்கு மதிப்பில்லை. தமிழ்நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024-ல் தி.மு.க. கூட்டணி சுமார் 47 விழுக்காடு வாக்குகளோடு 39 தொகுதிகளையும் அள்ளியது, அ.தி.மு.க. அணி 23, பா.ஜ.க. அணி 18 விழுக்காடு பெற்றும் இரண்டுக்கும் பூச்சியம். 2014-ல் தி.மு.க. ஏறக்குறைய 24 விழுக்காடு வாங்கியும் ஒரு தொகுதிகூடக் கிடைக்கவில்லை.

நாடு தழுவிய கணக்கில் இன்னும் விசித்திரம். பா.ஜ.க.வின் வாக்கு 2019-ல் 37.4 விழுக்காடு; 2024-ல் 36.6. ஒரு விழுக்காடுகூடக் குறையவில்லை. இடங்களோ 303-லிருந்து 240. உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 62-லிருந்து 33 ஆகச் சரிந்தது. தமிழ்நாட்டிலோ அதிகத் தொகுதிகளில் போட்டியிட்டு வாக்கு விழுக்காடு சுமார் மூன்று மடங்காகியும் ஓர் இடமும் வரவில்லை. வாக்கு எங்கே கூடியது, எங்கே குறைந்தது என்பதைத் தொகுதி அளவில் தெரிந்துகொள்ளாமல் நாட்டு சராசரியை இடங்களாக மாற்றுபவர் ஊகம்தான் செய்கிறார். விழுக்காட்டை மட்டும் வெளியிட்டு இடங்களைச் சொல்லாமல் விடுவதே அறிவியலுக்கு நேர்மையானது. தொலைக்காட்சிக்கு அது போதாது. "யாருக்கு எத்தனை" என்று பெரிய எழுத்தில் போட்டால்தான் மக்கள் சேனலை மாற்றாமல் இருப்பார்கள் என்று அவர்கள் நினைக்கிறார்கள்.

தடை செய்துவிட்டால் என்ன?
*வழக்கறிஞர் ஒருவர்*

பாதித் தடை ஏற்கெனவே இருக்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 2009-ல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, 126ஏ பிரிவு, முதல் கட்ட வாக்குப்பதிவு தொடங்கியதிலிருந்து கடைசிக் கட்டம் முடிந்து அரை மணி நேரம் வரை வாக்குக்கணிப்பு வெளியிடுவதைத் தடுக்கிறது. மீறினால் இரண்டு ஆண்டுகள் வரை சிறை. 2024 ஏப்ரல் 19 முதல் ஜூன் 1 வரை ஏழு கட்டங்களிலும் அது நடைமுறையில் இருந்தது. தேர்தல் ஆணையம் 1998-ல் தன் அதிகாரத்தைக் கொண்டே தடைவிதிக்கப் பார்த்து, வழக்கு உச்ச நீதிமன்றம் சென்ற பிறகு 1999-ல் பின்வாங்கியதை நீங்கள் அறிவீர்கள்.

முழுத் தடையை நான் ஏற்கவில்லை. தடை விதித்தால் கணிப்பு நின்றுவிடாது. கட்சிகளும் பெருமுதலாளிகளும் தமக்குள் வைத்துக்கொள்வார்கள், வாக்காளருக்கு மட்டும் தெரியாமல் போகும். வேண்டியது வெளிப்படைத்தன்மை. கணிப்பு நடத்தியவர் யார், நடத்தச் சொன்னவர் யார், மாதிரியின் அளவும் தன்மையும் என்ன, எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், பிழை எவ்வளவு இருக்கலாம் என்று எல்லாவற்றையும் முகப்பிலேயே தெரிவிக்க வேண்டும் என இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் 1996-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. வழிகாட்டுதல் என்பதால் யாரும் மதிப்பதில்லை. அதைச் சட்டமாக்கினால் பாதி வியாதி போய்விடும்.

உங்கள் இதழ் எங்கள் கட்சிக்கு எதிராகவே எழுதுகிறது. சென்ற மாதம் நாடாளுமன்ற விவாதம் பற்றி வந்த கட்டுரை அதற்குச் சாட்சி. நடுநிலை என்ற சொல்லைப் பயன்படுத்த உங்களுக்கு உரிமை இல்லை.
*ஒரு கட்சியின் வட்டப் பொறுப்பாளர்*

உங்கள் கடிதம் வந்த அதே வாரத்தில் இன்னொரு கடிதமும் வந்தது. எதிர் அணியைச் சேர்ந்த ஒருவர், அதே கட்டுரை, அதே குற்றச்சாட்டு. கட்சியின் பெயர் மட்டும் மாறியிருந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தேன். நீங்கள் அடிக்கோடிட்டு அனுப்பிய பத்தியை அவர் கவனிக்கவேயில்லை. அவர் வட்டமிட்ட வரி உங்கள் கண்ணில் படவில்லை.

இது உங்கள் இருவருக்கும் மட்டும் உரிய குறை அல்ல. 1982-ல் லெபனான் தலைநகர் பெய்ரூட்டின் சப்ரா, ஷட்டிலா பாலஸ்தீன அகதி முகாம்களில் நடந்த படுகொலை பற்றிய தொலைக்காட்சிச் செய்திகளை, ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இஸ்ரேல் ஆதரவு மாணவர்களுக்கும் அரபு ஆதரவு மாணவர்களுக்கும் ஆய்வாளர்கள் போட்டுக் காட்டினார்கள். பார்த்தது ஒரே காட்சித் தொகுப்பு. முதல் தரப்பு அதை இஸ்ரேலுக்கு எதிரானது என்றது. இரண்டாம் தரப்பு இஸ்ரேலுக்குச் சாதகமானது என்றது. 1985-ல் வெளியான அந்த ஆய்வில் என்னை நெருடிய செய்தி, விஷயத்தைப் பற்றி அதிகம் தெரிந்தவர்களே அதிகச் சாய்வைக் கண்டார்கள் என்பது. தெரிந்தவருக்கு, விடுபட்டது எது என்பதும் தெரியும். தன் பக்கத்து நியாயத்தில் விடுபட்டதுதான் முதலில் உறுத்தும்.

ஆனால் இரு தரப்பும் திட்டுகிறது, ஆகவே நாங்கள் சரி என்று சொல்லி நழுவிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. இருவருமே சரியாகவும் திட்டியிருக்கலாம். எனவே அந்தக் கட்டுரையைச் சிவப்புப் பேனாவோடு மீண்டும் படித்தேன். ஆளுங்கட்சி அமைச்சர் பேசியதற்கு "தெரிவித்தார்", "விளக்கமளித்தார்" என்ற வினைகள். எதிர்க்கட்சித் தலைவர் பேசியதற்கு மூன்று இடங்களில் "குற்றம் சாட்டினார்". அவர் புள்ளிவிவரம் ஒன்றை வாசித்த இடத்திலும் அதே சொல். கட்டுரையின் பிற்பகுதியில், அமைச்சர் ஒரு திட்டம் தாமதமானதைக் கூறியதற்கு "ஒப்புக்கொண்டார்" என்று இருந்தது. அவர் எதையும் மறைத்து வைத்திருந்து பிடிபடவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார். அங்கு "கூறினார்" என்பதே போதும். ஆக, முதல் பாதியில் அந்தக் கடிதக்காரருக்கும் பின் பாதியில் உங்களுக்கும் அநியாயம் நடந்திருக்கிறது. எழுதியவரிடம் காட்டினேன், வேண்டுமென்று செய்யவில்லை, கை பழக்கத்தில் வந்துவிட்டது என்றார். நம்புகிறேன். பழக்கத்தில் வருவதால்தான் இது கண்ணில் படுவதில்லை.

தமிழ்ச் செய்தி எழுத்தில் சாய்வு பெரும்பாலும் இந்த வினைச்சொல்லில்தான் ஒளிந்திருக்கிறது. ஒருவர் பேசியதைச் "சுட்டிக்காட்டினார்" என்று எழுதினால் அவர் சொன்னது உண்மை என்று நாமே சான்றிதழ் கொடுத்துவிட்டோம். "மழுப்பினார்", "சமாளித்தார்", "கொந்தளித்தார்", "போட்டு உடைத்தார்" ஒவ்வொன்றும் ஒரு தீர்ப்பு. தலையங்கத்தில் தீர்ப்பு வரலாம். செய்தியில் வரக் கூடாது. அந்தக் கட்டுரைக்காக உங்கள் இருவரிடமும் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன்.

தேசியத் தொலைக்காட்சிகள் ஒன்றுவிடாமல் அரசின் ஊதுகுழலாகிவிட்டன என்பது ஊருக்கே தெரியும். இதையும் வெறும் மனப்பிரமை என்று ஆராய்ச்சி காட்டி ஒதுக்கிவிடுவீர்களா?
*நெசவாளர் சங்க உறுப்பினர் ஒருவர்*

ஒதுக்கமாட்டேன். நம் மனம் சாய்வைக் கற்பனை செய்துகொள்ளும் என்பதால் சாய்வே கிடையாது என்று ஆகிவிடாது. இந்தி, ஆங்கிலச் செய்தித் தொலைக்காட்சிகளில் பல, ஆட்சியில் இருப்பவர்களைக் கேள்வி கேட்பதைவிட எதிர்க்கட்சியைக் கேள்வி கேட்பதிலேயே மாலை நேரத்தைச் செலவிடுகின்றன என்பது என் கருத்தும்கூட.

அதன் வேர் பணத்தில் இருக்கிறது. சந்தா வருமானத்தை மட்டும் கொண்டு செய்தி நிறுவனம் நடத்த முடியாது, விளம்பரம் வேண்டும். மத்திய அரசும் மாநில அரசுகளும் மிகப் பெரிய விளம்பரதாரர்கள். பெரும் தொழில் குழுமங்களே உரிமையாளர்கள்: நெட்வொர்க்18 நிறுவனம் 2014-ல் ரிலையன்ஸ் கைக்குப் போனது, என்.டி.டி.வி. 2022 டிசம்பரில் அதானி குழுமத்தின் கைக்குப் போனது. சுரங்கம், துறைமுகம், அலைக்கற்றை என்று அரசின் அனுமதியை நம்பியிருக்கும் தொழில்களை நடத்துபவரின் செய்தி அறையில், ஆசிரியருக்கு யாரும் தொலைபேசியில் கட்டளையிட வேண்டிய அவசியமே இல்லை. எதைத் தொடக் கூடாது என்று அவருக்கே தெரியும்.

ஆகவே சொல்வதில் அல்ல, சொல்லாமல் விடுவதில்தான் பெரிய சாய்வைத் தேட வேண்டும். மணிப்பூரில் 2023 மே 3 அன்று கலவரம் வெடித்தது. இரு பெண்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமையைக் காட்டும் காணொளி ஜூலை 19 அன்று பரவிய பிறகுதான் நாட்டின் பார்வை முழுமையாக அங்கே திரும்பியது. இடையில் இரண்டரை மாதங்கள். இணையம் முடக்கப்பட்டிருந்தது உண்மை. ஆனால் விமானம் ஏறிச் செல்ல ஒரு நிருபருக்கு இணையம் தேவையில்லை. அந்த இரண்டரை மாதத்து மாலை விவாதங்களில் பொய்யான ஒரு வரிகூட இல்லாமல் இருந்திருக்கலாம். எதைப் பற்றி விவாதிக்கவில்லை என்பதில்தான் குற்றம்.

விவாத மேடையைப் பார்க்கும்போது பெயர்ப்பட்டையையும் கவனியுங்கள். கட்சிக்காரரைக் கட்சிக்காரர் என்று போட்டால் தவறில்லை. நேயர் அதற்கேற்ற எடை போட்டுக்கொள்வார். நான்கு பேர் அமர்ந்த மேடையில் ஒருவர் ஆளுங்கட்சி, ஒருவர் எதிர்க்கட்சி, மற்ற இருவர் "அரசியல் விமர்சகர்", "சமூக ஆர்வலர்" என்ற பெயரில் ஒரே கட்சியின் குரலாகப் பேசினால் அங்கே மூன்றுக்கு ஒன்று நடக்கிறது. இந்த வகையில் தமிழ்நாட்டுக்கு ஒரு விசித்திரமான நேர்மை உண்டு: கலைஞர் தொலைக்காட்சி, ஜெயா தொலைக்காட்சி, மக்கள் தொலைக்காட்சி என்றால் பின்னால் எந்தக் கட்சி என்று கேட்கவேண்டியதில்லை. தெரிந்த சாய்வு நம்மை ஏமாற்றுவதில்லை. நடுநிலை என்று பலகை மாட்டிக்கொண்ட சாய்வுதான் ஏமாற்றும்.

கட்டணச் செய்தி இதைவிடக் கேவலமானது. 2009 மக்களவைத் தேர்தலின்போது வேட்பாளர்களிடம் பணம் பெற்றுக்கொண்டு விளம்பரத்தைச் செய்தியாக அச்சிட்ட வழக்கத்தைப் பத்திரிகைக் கவுன்சில் 2010-ல் அறிக்கையாகவே வெளியிட்டது. உத்தரப் பிரதேச சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் 2007 தேர்தலில் அப்படி வந்த "செய்தி"களின் செலவைக் கணக்கில் காட்டாததால், 2011-ல் தேர்தல் ஆணையம் அவரை மூன்று ஆண்டுகளுக்குத் தகுதிநீக்கம் செய்தது. அச்சிட்டவர்களுக்கு அப்படி எந்தத் தண்டனையும் இல்லை என்பதை இந்தத் துறையில் இருப்பவன் என்ற முறையில் வெட்கத்தோடு குறிப்பிடுகிறேன்.

ஒரு சொல்லை மட்டும் உங்கள் கடிதத்திலிருந்து நீக்கச் சொல்வேன்: "ஒன்றுவிடாமல்". 2024-ல் ஊடகச் சுதந்திரப் பட்டியலில் இந்தியா 180 நாடுகளில் 159-ஆவது இடத்தில் இருந்த நிலையிலும், கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்கப் பயன்பட்ட தேர்தல் பத்திரங்களின் விவரங்களை வரி வரியாகப் பிரித்துப் போட்ட செய்தியாளர்கள் இதே நாட்டில்தான் இருந்தார்கள். எல்லாரையும் ஒரே தராசில் போட்டுத் திட்டினால், துணிந்து எழுதுபவரும் விலைபோனவரும் ஒன்றாகிவிடுகிறார்கள்.

என் வயது 61. இதுவரை என்னிடமோ, என் தெருவில் எவரிடமோ ஒரு கணிப்பாளரும் வந்து கேட்டதில்லை. இவர்கள் உண்மையில் யாரிடம்தான் கேட்கிறார்கள்?
*இல்லத்தரசி ஒருவர்*

ஏறக்குறைய 97 கோடிப் பேரில் பத்தாயிரம் பேரைத் தேர்ந்தெடுத்தால், உங்கள் முறை வர வாய்ப்பு 97,000-ல் ஒன்று. எனவே உங்களிடம் வராததை மோசடிக்குச் சான்றாகக் கொள்ள முடியாது. ஆனால் வந்தால் என்ன நடக்கிறது என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

படிக்கும் காலத்தில் ஒரு தேர்தலுக்குக் கள ஆய்வாளராகப் போனேன். வாக்காளர் பட்டியலிலிருந்து குலுக்கலில் எடுத்த பெயர்கள் கையில் இருக்கும். அந்தப் பெயருக்கு உரியவரிடம்தான் கேட்க வேண்டும், பக்கத்து வீட்டாரிடம் கேட்கக் கூடாது. ஒரு வீட்டில் எனக்கு வேண்டிய பெயர் ஒரு பெண்ணுடையது. திண்ணையில் இருந்த கணவர், "அவளுக்கு என்ன தெரியும், நான் சொல்றேன் எழுதிக்கோ" என்றார். பட்டியலைக் காட்டி விளக்கிய பிறகு அந்த அம்மா வெளியே வந்து, என் கழுத்தில் தொங்கிய அட்டையை நெடுநேரம் பார்த்துவிட்டு, "நீ எந்தக் கட்சி தம்பி?" என்று கேட்டார். அவருக்கு என் கேள்வி பெரிதில்லை. கேட்கிறவன் யார் என்பதே பெரிது. கட்சிக் கேள்விக்கு வாயால் பதில் கேட்காமல், சின்னங்கள் அச்சிட்ட மாதிரி வாக்குச்சீட்டைக் கொடுத்து, குறித்து மடித்துப் பெட்டியில் போடச் சொல்வது எங்களுக்கு இட்ட விதி. சீட்டைக் கொண்டு உள்ளறைக்குப் போனார். கணவர் பின்னாலேயே எழுந்தார். அவரை ஊர் நிலவரம் பற்றிக் கேட்டு நிறுத்தி வைத்தேன்.

அந்த வீட்டில் எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. ஒரு நாளைக்கு நாற்பது வீடு முடிக்க வேண்டும், வீட்டுக்கு இத்தனை ரூபாய் என்று அமர்த்தப்படும் இளைஞன் அந்தத் திண்ணையில் என்ன செய்திருப்பான்? கணவர் சொன்னதை எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போயிருப்பான். அல்லது தேநீர்க் கடையில் உட்கார்ந்து மீதிப் படிவங்களை அவனே நிரப்பியிருப்பான். ஜூன் 1 மாலை திரையில் ஒளிரும் எண்ணின் அடியில் இப்படிப்பட்ட எத்தனை திண்ணைகள் இருக்கின்றன என்பதை அந்த நிறுவனங்கள் சொல்வதில்லை.

சாய்வாக எழுதியதாக உறுதியாகத் தெரிந்தால் எங்கே புகார் செய்வது? செய்தால் பலன் உண்டா?
*சிறு வணிகர் ஒருவர்*

நாளிதழ், வார இதழ் என்றால் முதலில் அந்த ஆசிரியருக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். கடித நகலை வைத்துக்கொள்ளுங்கள். பதில் திருப்தியில்லை என்றால், செய்தி வெளியான இரண்டு மாதத்துக்குள் பத்திரிகைக் கவுன்சிலுக்கு, வெளியான பக்கத்தையும் உங்கள் கடிதத்தையும் இணைத்து அனுப்பலாம். மாத இதழ்களுக்கு நான்கு மாதம் அவகாசம். கவுன்சில் எச்சரிக்கலாம், கண்டிக்கலாம். அபராதமோ சிறையோ விதிக்க அதற்கு அதிகாரம் இல்லை.

தொலைக்காட்சிக்கு 2021-ல் வந்த விதிகளின்படி மூன்று படிகள்: முதலில் அந்தத் தொலைக்காட்சியின் குறைதீர் அலுவலர், அடுத்து அவர்கள் சார்ந்த சுயக்கட்டுப்பாட்டு அமைப்பு, கடைசியாக ஒன்றிய அரசின் குழு. அரசுக்குச் சாதகமாகச் சாய்கிறது என்ற புகாரை அரசின் குழுவே கடைசியில் விசாரிக்கும் ஏற்பாடு எனக்கு உடன்பாடானது அல்ல. வாக்குப்பதிவு முடியும் முன் வாக்குக்கணிப்பு வெளியிட்டால் மட்டும் நேரே தேர்தல் ஆணையத்துக்குச் செல்லுங்கள். ஆணையத்தின் புகார்ச் செயலியான சி-விஜிலில் படமோ காணொளியோ எடுத்தே அனுப்பலாம். நிகழ்ச்சியின் பெயர், நாள், ஒளிபரப்பான நேரம், சொல்லப்பட்ட வாக்கியம் இந்த நான்கும் இல்லாத புகார் முதல் மேசையிலேயே நின்றுவிடும். ஆகவே தொலைக்காட்சி பார்க்கும்போது பக்கத்தில் ஒரு தாளும் பேனாவும் இருக்கட்டும்.